கொழுப்பு, திடச்சத்து, மீத்தேன்: சேலத்துப் பாலுக்கு எதைப் பார்த்து விலை போடுவது?

தலைவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விடியற்காலை ஐந்தரை மணிக்கே பால் சொசைட்டியின் வாசலில் எவர்சில்வர் தூக்குகளோடு வரிசை நிற்கிறது. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நாலரை லிட்டர் ஊற்றுகிறார். சோதனையாளர் அதிலிருந்து சிறு கிண்ணத்தில் மாதிரி எடுத்து இயந்திரத்தின் குழாய்க்கு அடியில் வைக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் எண்கள் வந்துவிடுகின்றன: கொழுப்பு 4.1, எஸ்என்எஃப் என்னும் கொழுப்பற்ற திடச்சத்து 7.9. "அக்கா, எஸ்என்எஃப் இன்னைக்கும் எட்டைத் தொடலீங்க" என்கிறார் அவர். "ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கலப்பா. மாடு சரியாத் திங்கல, நான் என்ன பண்ணட்டும்?" என்று பதில் வருகிறது. சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அவர் கிளம்பிவிடுகிறார்.

"மாடு சரியாகத் தின்னவில்லை" என்ற அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரை விரித்துச் சொல்ல முயல்கிறது. பாலின் தரம் உயரவும், ஒரு லிட்டர் பாலுக்காக மாட்டின் ஏப்பமாய் வானத்தில் கலந்து வெப்பத்தைக் கூட்டும் மீத்தேன் வாயு குறையவும் உழவருக்கு ஊக்கத்தொகை தரலாம் என்ற பேச்சு உலகெங்கும் வலுத்துவருகிறது. சேலத்தில் அதைச் செய்வதென்றால், அந்தப் பெண்ணின் மாடு ஏன் சரியாகத் தின்னவில்லை என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்போதுள்ள விலை முறையை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டுக் கூட்டுறவுகளில் 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்க்கப்பட்டு, பசும்பால் கொள்முதல் விலை 35-லிருந்து 38 ரூபாயாகவும், எருமைப்பால் விலை 44-லிருந்து 47 ரூபாயாகவும் உயர்ந்தது. பசும்பாலுக்கான இந்த விலை 4.3 விழுக்காடு கொழுப்பும் 8.2 விழுக்காடு கொழுப்பற்ற திடச்சத்தும் உள்ள பாலை அடிப்படையாகக் கொண்டது. கொழுப்பற்ற திடச்சத்து என்பது புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவற்றின் கூட்டு. ஊரில் அதற்குப் பெயர் எஸ்என்எஃப்தான். அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் விலையும் இறங்கும். ஆக, தரத்துக்கு ஏற்ற விலை என்பது நமக்குப் புதிதன்று. புதிதாக வருவது மீத்தேன் என்ற மூன்றாவது எண்தான். அந்த எண்ணைக் காட்ட எந்தச் சொசைட்டியிலும் இயந்திரம் இல்லை.

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது நமக்கு உதவும். நியூசிலாந்தின் மிகப்பெரிய பால் கூட்டுறவான ஃபொன்டெரா, 2025 ஜூன் 1-இல் தொடங்கிய பருவத்திலிருந்து உமிழ்வு குறைந்த பாலுக்குத் தனிப்பணம் தருகிறது. அங்கே பாலை லிட்டர் கணக்கில் வாங்குவதில்லை. கொழுப்பையும் புரதத்தையும் கூட்டி, திடப்பொருள் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார்கள். தகுதி பெற்ற ஆயிரக்கணக்கான பண்ணைகளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 5 சென்ட் வரை கூடுதலாகவும், உமிழ்வு மிகக் குறைந்த சில நூறு பண்ணைகளுக்கு 10 முதல் 25 சென்ட் வரையிலும் கிடைக்கும். இந்தப் பணம் வரும் வழியைக் கவனிக்க வேண்டும். நெஸ்லே, மார்ஸ் போன்ற பெரிய வாங்குநர்கள், தாங்கள் வாங்கும் மூலப்பொருளின் உமிழ்வையும் தங்கள் கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருப்பதால், அதில் பங்கு தருகிறார்கள். டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்லா கூட்டுறவின் வழி வேறு. பண்ணையின் காலநிலைக் கணக்கை நிரப்பித் தந்தாலே கிலோ பாலுக்கு 1 யூரோ சென்ட். அதற்கு மேல் பெறும் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.03 சென்ட் என்று 2023-இல் தொடங்கினார்கள். மாட்டின் வாயில் கருவி வைத்து யாரும் மீத்தேனை அளக்கவில்லை. தீவனம் எவ்வளவு பாலாக மாறுகிறது, புரதம் வீணாகிறதா, மாடுகள் நலமாக வாழ்கின்றனவா, உரம் எவ்வளவு இடப்படுகிறது, நிலம் எப்படிப் பயன்படுகிறது என்ற ஐந்துக்குத்தான் அங்கே அதிகப் புள்ளி. இவற்றுள் முதல் மூன்றையும் நல்ல கறவை வைத்திருக்கும் எந்த உழவரும் தமக்காகவே செய்ய விரும்புவார்.

இதற்கான காரணம் மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் பெரிய முதல் வயிற்றில், நுண்ணுயிரிகள் வைக்கோலையும் தட்டையும் உடைத்துச் சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. அவைதான் மாட்டுக்கு உணவு. உடைபடும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக மாற்றும் ஒருவகை நுண்ணுயிரி அங்கேயே குடியிருக்கிறது. அந்த வாயுவை மாடு ஏப்பமாக வெளியே விடுகிறது. தின்ற தீவனத்தின் மொத்த ஆற்றலில் ஆறேழு விழுக்காடு இப்படிப் போய்விடுகிறது என்பது பொதுவான கணக்கு. காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கின் ஒரு பங்கு ஏப்பமாகப் போகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். மீத்தேன் வானத்தில் ஏறத்தாழ 12 ஆண்டுகளே தங்கினாலும், நூறாண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊக்கத்தொகைத் திட்டங்களைப் பற்றி நம்மூரில் பேசுவோர் அதைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை. நார்ச்சத்து மிகுந்த தீவனம் வயிற்றில் அசிட்டிக் அமிலத்தைக் கூட்டும். பாலின் கொழுப்புக்கு அதுவே முக்கியமான மூலப்பொருள். அதே வேளையில், அசிட்டிக் அமிலம் உருவாகும்போதுதான் ஹைட்ரஜன் அதிகமாக மிஞ்சி மீத்தேனும் கூடுகிறது. மாவுச்சத்து மிகுந்த தீவனமோ புரோப்பியோனிக் அமிலத்தைக் கூட்டும். அது ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்வதால் மீத்தேன் குறையும். மாட்டுக்கு ஆற்றல் கூடிப் பாலின் அளவும் புரதமும் உயரும். கொழுப்பு மட்டும் சற்றே இறங்கும். எனவே கொழுப்புக்கு மட்டும் அதிக விலை வைத்துக்கொண்டு, மறுபக்கம் மீத்தேனைக் குறைக்கச் சொன்னால், உழவரின் இரு கைகளையும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதாகவே முடியும். விலையில் எஸ்என்எஃப்புக்கு, அதிலும் புரதத்துக்கு, எடை கூடினால் தரமும் உமிழ்வுக் குறைப்பும் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். புதிதாக ஒரு ரூபாய் ஊக்கத்தொகையை அறிவிப்பதற்கு முன், ஏற்கெனவே கையில் இருக்கும் இந்தத் தராசைச் சரிசெய்வதே முதல் வேலை என்பது என் கருத்து.

சேலம் மாவட்டத்துக்கு இது ஏட்டுப் பேச்சன்று. ஆத்தூர், கெங்கவல்லி, தலைவாசல் வட்டாரங்களில் மரவள்ளி விளைகிறது. ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கிலிருந்து மாவைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் திப்பியைக் களத்தில் காயவைத்து மாட்டுத் தீவனமாக விற்கின்றன. மாவுச்சத்து இன்னும் ஒட்டியிருக்கும் மலிவான தீவனம் அது. சோளத்தட்டையும் வைக்கோலையும் மட்டுமே தின்னும் மாட்டுக்கு அளவோடு திப்பியும், புரதத்துக்குக் கொஞ்சம் புண்ணாக்கோ வேலிமசாலோ அகத்தியோ, அதனுடன் தாது உப்புக் கலவையும் சேர்ந்தால், அந்தப் பெண்ணின் சீட்டில் 7.9 என்று வந்த எண் 8.2-ஐத் தாண்ட வழியுண்டு. அளவு மீறினால் வயிறு புளித்து மாடு தீவனத்தையே வெறுக்கும். கோடையில் திப்பியை வாரிக்கொட்டி மாட்டைப் படுக்கவைத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே கறவையின் எடை, பால், சினை நிலை ஆகியவற்றைப் பார்த்து, கையில் உள்ள தீவனத்தைக் கொண்டே கலவையை எழுதித் தரும் ஆள் வேண்டும். தேசியப் பால்வள வாரியம் பல மாநிலங்களில் நடத்திய சரிவிகிதத் தீவனத் திட்டத்தில், கிலோ பாலுக்கான மீத்தேன் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. உழவரின் தீவனச் செலவும் குறைந்தது. தலைவாசல் கூட்டுரோட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2021-இல் திறக்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சி வளாகமும் இருக்கும் மாவட்டத்தில், அறிவுக்குப் பஞ்சம் என்று சொல்ல இடமில்லை.

மீத்தேனைக் குறைக்கும் சேர்க்கைப் பொருள்களும் உண்டு. 2022-இல் ஐரோப்பாவிலும் 2024-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற 3-என்ஓபி என்ற மருந்து, கறவை மாட்டின் மீத்தேனை ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய விலங்கு ஊட்டச்சத்து நிறுவனம் உருவாக்கிய 'ஹரித் தாரா', துவர்ப்புச் சத்து மிகுந்த செடிகொடிப் பொருள்களால் ஆனது. 17 முதல் 20 விழுக்காடு குறைப்பு என்று அந்நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டுப் புளியங்கொட்டைத் தோலில் இருப்பதும் இதே இனத்துத் துவர்ப்புதான். இவை நல்லவையே. ஆனால் கலப்புத் தீவனத்தை ஒருவேளைகூட நிறைவாகப் பெறாத மாட்டுக்கு, அதன் மேல் தூவச் சொல்லி ஒரு பொட்டலத்தை நீட்டுவது வரிசை தப்பிய வேலை.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2015-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கின்படி, ஒரு கிலோ பாலுக்கு உலகச் சராசரி உமிழ்வு 2.5 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வளர்ந்த நாடுகளில் அது 1.3 முதல் 1.4, வளரும் நாடுகளில் 4.1 முதல் 6.7. இந்த வேறுபாட்டைக் கண்டு நம் மாடுகள் அழுக்கானவை என்று யாராவது சொன்னால் அது தவறான வாசிப்பு. நம் மாடு ஒரு நாளில் விடும் மீத்தேன் அங்குள்ள பெரிய மாட்டினுடையதைவிடக் குறைவு. வகுக்கும் எண்ணாகிய பால் மிகக் குறைவு என்பதால்தான் ஈவு பெரிதாகத் தெரிகிறது.

அந்த வகுத்தலை, ஏப்ப மீத்தேனை மட்டும் வைத்து, ஒரு மாட்டின் அளவில் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 8 லிட்டர் வீதம் பத்து மாதம் கறக்கும் கலப்பின ஜெர்சிப் பசு ஓர் ஈற்றுக்கு 2,400 லிட்டர் தருகிறது. கறவையில் மாதம் 5 கிலோ மீத்தேன், வற்றிய காலத்தில் மாதம் 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 13 மாதத்துக்கு ஒரு கன்று ஈன்றால், ஒரு சுற்றில் 62 கிலோ மீத்தேன். லிட்டருக்கு ஏறக்குறைய 0.70 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே மாடு சினை பிடிக்காமல் இழுத்து 18 மாதத்துக்கு ஒரு கன்று ஈன்றால், 82 கிலோ, லிட்டருக்கு 0.92. தீவனமும் மாறவில்லை, மருந்தும் இல்லை. மூன்று தடவை ஊசி போட்டும் நிற்காமல் போன சினை மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். நாள் 80 ரூபாய் தீவனம் என்று கொண்டால், கூடுதலான அந்த ஐந்து மாதத்துக்கு அந்தக் குடும்பம் 12,000 ரூபாயைக் கறவை இல்லாமலேயே செலவழிக்கிறது.

உமிழ்வைக் குறைத்தவருக்கு டன் கணக்கில் பணம் தரும் கார்பன் சந்தையின் பணத்தை இப்போது இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். மிச்சமான 20 கிலோ மீத்தேன் என்பது 540 கிலோ கரியமில வாயு. டன்னுக்கு 1,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்தாலும் மொத்தம் 540 ரூபாய். லிட்டருக்கு 22 காசு. அதிலும் அளப்பவர், சான்று தருபவர், இடைத்தரகர் ஆகியோரின் பங்கு போக உழவர் கைக்கு வருவது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்கவே மனம் கசக்கிறது. நானூறுக்கு மேற்பட்ட மாடுகள் சராசரியாக உள்ள நியூசிலாந்துப் பண்ணையில் ஒரு கணக்கெடுப்பின் செலவு அத்தனை மாடுகளுக்கும் பகிர்ந்துவிடும். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் அந்தச் செலவே பயனை விழுங்கிவிடும். ஆகவே சேலத்தில், உமிழ்வைக் குறைத்ததற்கான சில்லறையை உழவரிடம் தருவதைவிட, சினை நிற்காத காரணத்தை நீக்கித் தருவதே பெரிய பரிசு. ஊசி போடுபவர் பருவம் கண்ட நேரத்தில் வந்து சேர்வது, மூன்று மாதத்தில் சினைப் பரிசோதனை, தாது உப்புக் குறையைச் சரிசெய்வது, குடற்புழு நீக்கம் ஆகியவற்றுக்குச் செலவழியும் ஒரு ரூபாய், உழவரின் கையில் பல ரூபாயாகத் திரும்பும்.

இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழியில் கையெழுத்திடவில்லை. நம் மீத்தேனின் பெரும்பகுதி சிறு உழவர்களின் கால்நடைகளிலிருந்தும் நெல் வயல்களிலிருந்தும் வருவது. அது அவர்களின் பிழைப்பு என்பது அரசு சொன்ன காரணம். அந்த நிலைப்பாட்டை நான் ஏற்கிறேன். டென்மார்க் 2030 முதல் கால்நடை உமிழ்வுக்கு வரி விதிக்க முடிவு செய்திருக்கிறது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முதலில் அடிபடுவது முந்தானையில் சீட்டை முடிந்துகொண்டு போன அந்தப் பெண்தான். தண்டனை வேண்டாம் என்பதற்காக, எதுவும் செய்ய வேண்டாம் என்று ஆகிவிடாது. 1998 முதல் உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நாம். லிட்டருக்கான உமிழ்வு குறைந்தாலும் மாடுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் மொத்தம் குறையாது; பால் கூட வேண்டும், பயனற்று நிற்கும் மாட்டு மாதங்கள் குறைய வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தரம் என்றால் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் மட்டும் அல்ல. மடிநோய் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இருக்கும்போதே பால் சர்க்கரை குறைந்து எஸ்என்எஃப் இறங்கும், பாலும் குறையும், ஆகவே லிட்டருக்கான மீத்தேனும் கூடும். இதைச் சொசைட்டியில் அளப்பதில்லை. ஐரோப்பாவில், மடிநோயின்போது பாலில் கூடும் உடல் அணுக்கள் ஒரு மில்லி லிட்டருக்கு 4 லட்சத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பால் தகுதியற்றது. அடுத்தது பூசண நஞ்சு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது, 5.7 விழுக்காட்டில் அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அப்படி இருந்தன. இது தண்ணீர் கலந்த குற்றம் போன்றதன்று. ஈரம் உலராத கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், மழையில் நனைந்த திப்பி ஆகியவற்றில் பிடிக்கும் பூசணத்தின் நஞ்சை மாடு தின்றால், ஒரு நாளுக்குள் அதன் மாற்று வடிவம் பாலுக்கு வந்துவிடும். நல்ல தீவனத்தை உலர்வாக வைக்க ஒரு மேடையும் தார்ப்பாயும் இல்லாத வீட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. தரத்துக்கு ஊக்கம் தருவதென்றால் தீவனத்தைச் சோதிக்கும் வசதியும் அதே சொசைட்டிக்கு வர வேண்டும்.

சேர்வராயன் மலையில் கணக்கே வேறாகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய ஏற்காட்டில், சேலத்தின் கோடை வெயில் மாட்டை வாட்டுவதில்லை. கறந்த பால் சட்டென்று கெடுவதும் இல்லை. வெப்ப அயர்ச்சி குறைவதால் கலப்பின மாடுகள் தின்பதும் கறப்பதும் சீராக இருக்கும். ஆனால் புண்ணாக்கு மூட்டை அத்தனை வளைவுகளையும் ஏறி வர வேண்டியிருக்கிறது. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் சரிவுகளில் வைத்திருக்கும் ஒன்றிரண்டு மாடுகளின் பால் குளிரூட்டும் நிலையம் வரை இறங்குவதே கடினம். அங்கே வழங்க வேண்டிய ஊக்கம் சமவெளியில் வழங்குவதைப் போன்றதாக இருக்க முடியாது. காப்பிக்கு நிழல் தரும் கல்யாண முருங்கையின் தழை நல்ல புரதத் தீவனம். வேலியோரத்தில் கம்பு நேப்பியரும் மல்பெரியும் நட்டால் மூட்டைச் செலவு குறையும். காப்பித் தோட்டத்துக்கு எரு எப்போதும் தேவைப்படுவதால், சாணத்தைச் சாண எரிவாயுக் கலனில் விட்டு, வெளிவரும் கரைசலை விற்கும் வழி அங்கே எடுபடக்கூடும். குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்துச் சகரியாபுராவில் பெண்களின் கூட்டுறவு இதையே செய்துகாட்டியிருக்கிறது.

எஞ்சுவது யார் பணம் தருவது, எதைச் சாட்சியாகக் கொள்வது என்ற இரண்டுதான். சேலத்துப் பாலை வாங்குவது நெஸ்லேயும் மார்ஸும் அல்ல; தேநீர்க் கடையும், அரை லிட்டர் பாக்கெட் வாங்கும் வீடும்தான். அவர்கள் தலையில் கார்பன் செலவை ஏற்ற முடியாது. ஆகவே முதற்பணம் மாநில அரசின் கால்நடைத் திட்டங்களிலிருந்தும் மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியங்களின் உபரியிலிருந்தும்தான் வர வேண்டும். கார்பன் சந்தையில் ஏதேனும் கிடைத்தால் அதை மாவட்ட ஒன்றியம் மொத்தமாகப் பெற்றுச் சினை மருத்துவத்துக்குச் செலவழிக்கலாம். தனி உழவரின் பெயரில் காசுக் கணக்கைப் பிரித்து எழுதத் தேவையில்லை.

சாட்சிக்கு எந்தப் புதுக் கருவியும் வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் மாட்டுக் காதில் மஞ்சள் நிறப் பட்டை தொங்குகிறது. அதில் 12 இலக்க எண் இருக்கிறது. எந்த நாளில் ஊசி போட்டார்கள், எப்போது சினை உறுதியானது, எப்போது கன்று ஈன்றது என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் கால்நடைத் துறையின் கணினியில் பதிவாக வேண்டியவை. எத்தனை லிட்டர், என்ன கொழுப்பு, என்ன எஸ்என்எஃப் என்பவை சொசைட்டியின் கணினியில் அவருடைய உறுப்பினர் எண்ணின் கீழ் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் ஈற்று இடைவெளியும் லிட்டரும் கிடைத்துவிடும். மேலே நான் போட்ட வகுத்தலைக் கணினியே போடும். இன்றைக்கு ஒன்று மருத்துவரின் கைப்பேசியிலும் மற்றொன்று மடித்த சீட்டிலும் தனித்தனியாகக் கிடக்கின்றன. எஸ்என்எஃப் மூன்று நாள் தொடர்ந்து எட்டுக்குக் கீழே போனால், விலையைக் குறைத்துச் சீட்டு அச்சாகும் அதே நொடியில், மடியைப் பார்க்கவும் தீவனத்தைக் கேட்கவும் ஆள் வர வேண்டும் என்ற செய்தியும் அந்தக் கணினியிலிருந்து போக வேண்டும்.